சினை மாட்டுக்கு ஷேட் நெட் கட்டலாமா? கடலூர் பக்கத்துல இருந்து ஒரு ரிவ்யூ

பச்சை வலைன்னு நம்ம பக்கம் சொல்ற ஷேட் நெட்டை மாட்டுக்கு கட்டலாமா, காசு வேஸ்ட்டா போயிடுமான்னு நிறைய பேரு கேட்டுட்டே இருக்காங்க, நேராவே சொல்லிடறேன், தாராளமா கட்டலாம், 75 பர்சன்ட் வலை வாங்குங்க, ஆனா முதல்ல கறவை மாட்டுக்கு இல்ல, பால் வத்தி நிக்கிற நிறைமாச சினை மாட்டுக்கு கட்டுங்க. விலை, குவாலிட்டி, கடை, கட்டுற விதம் எல்லாம் கீழ விவரமா எழுதுறேன், ஆனா சினை மாட்டுக்கு ஏன் முதல்லன்னு புரிஞ்சாதான் மத்ததுக்கெல்லாம் அர்த்தம், அதனால அதுலயே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊரு கடலூருக்கும் பாகூருக்கும் நடுவுல, தென்பெண்ணை ஆத்தங்கரை பக்கம். இங்க எந்த வீட்டுக்குப் போனாலும் கறக்குற மாடு கொட்டாய்க்குள்ள ஃபேனுக்கு கீழ நிக்கும், வத்தின மாட்டை வேலியோரம் முளையடிச்சு வெயில்ல கட்டியிருப்பாங்க, கேட்டா "அதான் பால் குடுக்கலையே, சும்மா தானே நிக்குது"ம்பாங்க. அது சும்மா நிக்கலைங்க. வயித்துல இருக்குற கன்னு எடை போடுறதே பெரும்பாலும் கடைசி ரெண்டு மூணு மாசத்துல தான், அதே நேரத்துல மடியில பால் சுரக்குற பழைய செல்லெல்லாம் போயி அடுத்த ஈத்துக்கு புதுசு உருவாகிட்டு இருக்கும். இந்த ரெண்டு வேலையும் நடக்குறப்ப மாடு வெயில்ல மூச்சு எளைச்சுக்கிட்டு நின்னா, உடம்பு சூட்டை ஆத்துறதுக்காக ரத்தம் தோல் பக்கம் போயிடுது, கருப்பைக்கு போறது குறைஞ்சிடுது, தீனியும் ஒழுங்கா எடுக்காது. இதுல நம்ம பக்கத்துக்குன்னு ஒரு சங்கடம் வேற இருக்கு, ஆவணியில சினை ஊசி போட்ட மாடு 280 நாள் கணக்குல வைகாசியில கன்னு போடும், அப்போ அதோட கடைசி ரெண்டு மாசம் பங்குனியும் சித்திரையும், கத்திரி வெயில் மொத்தமும் அது முதுகு மேல தான் இறங்கும்.

இது நான் கண்டுபிடிச்சு சொல்ற விஷயம் இல்ல. அமெரிக்காவுல ப்ளோரிடான்னு ஒரு மாகாணம், நம்மள மாதிரியே கடலோரம், புழுக்கம் ஜாஸ்தி. அங்க 1982-லயே இதை சோதிச்சு எழுதியிருக்காங்க, சினையோட கடைசி மூணு மாசம் நிழல்ல இருந்த மாடு போட்ட கன்னு சராசரி 39.7 கிலோ, நிழல் இல்லாம நின்ன மாட்டோட கன்னு 36.6 கிலோ, கன்னு போட்டதுக்கு அப்புறம் பாலும் நிழல்ல இருந்த மாடு தான் கூட குடுத்திருக்கு. அதுக்கப்புறம் பல வருஷமா அதே ஊர்ல ஆராய்ச்சி நடந்துச்சு, அதுல நிழலோட ஃபேனும் தண்ணி தெளிப்பும் சேத்து கிடைச்ச வத்தின மாடு, வெறும் நிழல் மட்டும் இருந்த மாட்டை விட அடுத்த ஈத்துல நாளைக்கு சுமார் 4, 5 லிட்டர் அதிகம் கறந்திருக்கு. வயித்துல இருக்கும்போது சூடு பட்ட கெடேரிக் கன்னு வளந்து அதுவே கறவைக்கு வரும்போது கூட பால் குறைவா இருந்திருக்கு, அதாவது ஒரு கோடைக்கு நாம அலட்சியமா இருந்தா ரெண்டு தலைமுறை மாட்டுக்கு நஷ்டம்.

அங்க இருக்குறது பூராவும் நெறைய கறக்குற ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் (எச்.எப்.) மாடு, நம்ம ஜெர்சி கிராசுக்கு அந்த 4, 5 லிட்டர் அப்படியே வரும்னு கணக்கு போடாதீங்க. நாளைக்கு ஒரே ஒரு லிட்டர் கூடினா போதும்னு வெச்சுக்கங்க, 300 நாள் கறவை, லிட்டர் 35 ரூபான்னு போட்டா கூட 10,500 ரூபா. எனக்கு ரெண்டு மாட்டுக்கு வலை, பந்தக்கால், கம்பி, கூலி எல்லாம் சேத்து ஆனது 5,000 ரூபாய்க்கு உள்ள தான்.

சரி, வலைக்கு வருவோம். கடையில 50, 75, 90ன்னு மூணு பர்சன்ட் வெச்சிருக்காங்க, எவ்ளோ வெயிலை தடுக்குதுங்கறது தான் அந்த நம்பர். 50 நாத்தங்காலுக்கும் பூச்செடிக்கும் ஓகே, மாட்டுக்கு பத்தாது, கீழ நின்னா முதுகுல வெயில் புள்ளி புள்ளியா தெரியும். 90 நல்லா கும்முனு நிழல் தரும், ஆனா துளை சின்னது, காத்து அதுல நுழையாது, கப்பல் பாய் மாதிரி உப்பிக்கிட்டு பந்தக்காலையே பிடுங்கப் பாக்கும், கீழ இருக்குற சூட்டுக் காத்தும் மேல ஏறி வெளிய போக மாட்டேங்குது. 75 தான் ரெண்டுக்கும் நடுவுல சரியா இருக்கு. கலர் பச்சையா கருப்பான்னு ரொம்ப யோசிக்க வேணாம், மாட்டுக்கு பெரிய வித்தியாசம் எதுவும் எனக்கு தெரியல. அலுமினிய கலர்ல வெயிலை திருப்பி அடிக்கிற வலை ஒண்ணு இருக்கு, நல்ல சரக்கு தான், விலை தான் நமக்கு கட்டாது.

வாங்கினது கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு கடையில. கடைக்காரர் பெரியவர், "எதுக்கு தம்பி, நர்சரிக்கா?"ன்னு தான் முதல்ல கேட்டாரு, "இல்லண்ணே, நிறைமாச மாடு ரெண்டு நிக்குது"ன்னதும் கையில எடுத்த 50 பர்சன்ட் ரோலை அப்படியே வெச்சிட்டு 75 எடுத்துப் போட்டாரு, அந்த ஒரு விஷயத்துக்காகவே அவருக்கு நல்ல பேரு குடுக்கலாம், அந்த 50-ஐயே தள்ளிவிட்டிருந்தா அவருக்கு வேலை முடிஞ்சிருக்கும். 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் ஒரு ரோல், வேணுங்கற அளவு வெட்டியும் தர்றாங்க, சதுர மீட்டர் 35 ரூபா போட்டாங்க. புதுச்சேரியிலயும் விசாரிச்சேன், விலையில பெருசா வித்தியாசம் இல்ல, வண்டி வாடகையை சேத்தா கடலூர் தான் எங்களுக்கு லாபம். ரெண்டு துண்டை ஜோடி சேத்து தைச்சு, ஓரம் மடிச்சு, வளையம் அடிச்சு அன்னிக்கே குடுத்துட்டாங்க.

வலை வாங்கும்போது ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, யூ.வி. ஸ்டெபிலைஸ்டா இல்லையான்னு. அது இல்லாத வலை வெயில்லயே நொந்து போயிடும், எங்க பங்காளி வீட்டுல ரோட்டோரம் வண்டியில வந்ததை சீப்பா இருக்குன்னு வாங்கினாங்க, ஒரே கோடை தான், அப்புறம் கையில புடிச்சு இழுத்தாலே பொடி பொடியா உதிருது. ரெண்டாவது, எடை. 75ன்னு சீட்டு ஒட்டியிருந்தாலும் ஒரே அளவு ரோல் ரெண்டு கம்பெனிது எடுத்து தூக்கிப் பாருங்க, ஒண்ணு கணிசமா லேசா இருக்கும், அதை வாங்காதீங்க. விரிச்சு வெயிலுக்கு நேரா புடிச்சா பின்னல் நெருக்கம் தெரிஞ்சிடும்.

எங்க வலையில வந்த குறை தையல்ல. வலை யூ.வி. தாங்குது, ஆனா அதை தைச்ச நூல் சாதா நூலு, ஆடிக் காத்து ஆரம்பிச்சதும் நடு ஜாயின்ட் பட்டு பட்டுன்னு விட்டுக்கிச்சு. வளையமும் ரெண்டு மூணு அடிக்கு ஒண்ணுன்னு தூரம் தூரமா அடிச்சிருந்தாங்க, இழுவை பூரா அந்த நாலஞ்சு எடத்துலயே விழுந்து துணியோட பிச்சுக்கிச்சு. அப்புறம் முதுநகர் துறைமுகம் பக்கம் போயி மீன் வலை பின்னுற நைலான் நூல் வாங்கிட்டு வந்து, வலை பொத்துற ஊசியால குறுக்கயும் நெடுக்கயும் போட்டு தைச்சோம், அந்த தையல் இன்னிக்கு வரைக்கும் அசையல. ஒரு கோடு தைச்ச எடத்துல கையை வெச்சு இழுத்துப் பாத்தா வலை தான் நீளுது, நூல் நீளல. புதுசா வாங்குறவங்க கடையில தைக்க சொல்றதுக்கு முன்னாடியே இந்த நூலை நீங்களே வாங்கிக் குடுத்திடுங்க, வளையம் ஒரு அடிக்கு ஒண்ணு அடிக்க சொல்லுங்க, கூலி கொஞ்சம் சேத்துக் கேப்பாங்க, பரவால்ல.

காலுக்கு சவுக்கு தான், நம்ம ஜில்லாவுல அதுக்கு பஞ்சமே இல்ல. உயரம் 12 அடிக்கு கொறையாம வைங்க. நிறைய பேரு ஏழு எட்டு அடியில கட்டிடறாங்க, கை எட்டுற மாதிரி இருந்தா கட்ட ஈசி தான், ஆனா வலை சூடாகி அந்த அனல் நேரா மாட்டு முதுகுல இறங்கும், காத்தோட்டமும் போச்சு. ஆனா உயரம் கூட கூட நிழல் நகருறதும் கூடும், இதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. கத்திரி நேரத்துல மத்தியானம் சூரியன் நம்ம ஊருக்கு கிட்டத்தட்ட தலைக்கு மேலயே நிக்கும், அப்போ நிழல் வலைக்கு நேர் கீழ தான் விழும், ஒண்ணு ரெண்டு அடி தெக்கால தள்ளும் அவ்ளோதான். சாயங்காலம் 4 மணிக்கு பாருங்க, 12 அடி உயர வலையோட நிழல் கிழக்கால 15 அடிக்கு மேல தள்ளிப் போயிடும், மாடு கட்டின எடத்துல முழு வெயில். அதனால பந்தலோட நீளம் கிழக்கு மேக்கா இருக்கணும், மேக்குப் பக்கம் மட்டும் மேல இருந்து ஒரு துண்டு வலை திரை மாதிரி தொங்க விடணும். கிழக்குப் பக்கம் எதையும் கட்டாதீங்க, மத்தியானத்துக்கு மேல கடல்காத்து அந்தப் பக்கத்துல இருந்து தான் வரும், அது ஒண்ணு தான் நமக்கு இயற்கை குடுத்த ஃபேன்.

அந்த தொங்குற துண்டு தரையில இருந்து நாலு அடி மேலயே நிக்கட்டும். மாடு எதையும் நக்கும், மெல்லும், ஓரத்துல பிரிஞ்ச பிளாஸ்டிக் நூல் வயித்துக்குள்ள போச்சுன்னா டாக்டர் வந்து வயித்தை கிழிக்க வேண்டி வரலாம், அதுவும் நிறைமாசத்துல. நான் வாரா வாரம் கத்திரிக்கோல் எடுத்துட்டுப் போயி ஓரத்துல தொங்குறதை எல்லாம் நறுக்கிட்டு வர்றேன். கொம்பு இருக்குற மாடுன்னா இன்னும் கவனம்.

எடம் எவ்ளோ வேணும்னா, நிக்கிறதுக்கு மட்டும் ஒரு மாட்டுக்கு 40 சதுர அடி போதும்னு வெச்சுக்கலாம், ஆனா சினை மாடு படுத்து எந்திரிக்கணும், வயித்தை தூக்கிட்டு புரளணும். கன்னு போடுற மாட்டுக்கு மட்டும் 12 சதுர மீட்டர், அதாவது 130 சதுர அடி கிட்ட தனியா வேணும்னு பண்ணை கட்டுற அளவுல சொல்றாங்க. நான் ரெண்டு மாட்டுக்கும் சேத்து 20க்கு 20 அடி கட்டினேன், நிழல் நகர்ந்தாலும் மாடும் கூட நகர்றதுக்கு கயிறு நீளமா விட்டிருக்கேன். தரை மண்ணு தான், மேல ஆத்து மணல் கொஞ்சம் போட்டிருக்கேன், சிமெண்ட் தரையில நிறைமாச மாடு வழுக்கினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

ரிசல்ட் என்னன்னு கேட்டா, கன்னு எடை, பால் இதெல்லாம் ரெண்டு மாட்டை வெச்சு அடிச்சு சொல்றது நியாயம் இல்ல. கண்ணால பாத்தது மூச்சு. மாட்டுக்குப் பக்கவாட்டுல நின்னு விலா ஏறி இறங்குறதை ஒரு நிமிஷம் எண்ணுங்க, 60க்கு மேல போனா மாடு சூட்டுல கஷ்டப்படுதுன்னு அர்த்தம், 80 தாண்டினா உடனே ஏதாவது செய்யணும். மத்தியானம் ஒரு மணிக்கு வேலியோரம் நின்ன செவலை மாட்டுக்கு 82 வந்துச்சு, வாயில நுரை, கழுத்தை நீட்டிக்கிட்டு, படுக்கவே மாட்டேங்குது. வலை கட்டினதுக்கு அப்புறம் அதே மாதிரி ஒரு வெயில் நாள், அதே நேரம், 58. அதை விட முக்கியமா மாடு படுத்து அசை போட்டுச்சு. மத்தியான நேரத்துல ஒரு சினை மாடு காலை மடக்கி படுத்து கண்ணை மூடி அசை போடுறதைப் பாத்தவங்களுக்குத் தான் அந்த நிம்மதி தெரியும்.

58ங்கறதும் நல்ல நம்பர் இல்ல, அதையும் சொல்லணும். வலை வெயிலைத் தான் தடுக்கும், காத்துல இருக்குற புழுக்கத்தை ஒண்ணும் பண்ணாது. ப்ளோரிடாவுல பின்னாடி நடந்த ஆராய்ச்சியில சூடு பட்ட கூட்டம்னு சொன்ன மாட்டுக்கே நிழல் இருந்துச்சு, ஃபேனும் தண்ணியும் தான் இல்ல, அப்படின்னா நிழல்ங்கறது ஆரம்பம் தான். நான் 11 மணி, 1 மணி, 3 மணின்னு ஓஸ் பைப்புல முதுகும் கழுத்தும் நல்லா நனையுற மாதிரி தண்ணி அடிச்சிட்டு ஃபேன் போட்டு விடறேன், தண்ணி மடி மேல வழியாம பாத்துக்குறேன், காம்பு ஈரமாவே இருந்தா மடி நோய் வர்றதுக்கு அதுவே வழி. ஒயரும் ப்ளக்கும் மாட்டுக்கு எட்டாத எடத்துல, நனையாத எடத்துல இருக்கணும், இதுல விளையாட்டு வேணாம். குடிக்கிற தண்ணித் தொட்டியும் நிழலுக்குள்ள இருக்கட்டும், வெயில்ல கொதிச்ச தண்ணியை மாடு வாய் வெச்சிட்டு விட்டுடும்.

கடையில ஃபாகர்னு பனி மாதிரி தூவுற ஒண்ணையும் சேத்து எடுத்துக்க சொன்னாங்க. கடலோரத்துக்கு அது வேணாம்னு தான் சொல்வேன். காத்துல ஏற்கனவே ஈரம் நெறைஞ்சு கிடக்கு, அந்த பொடித் தண்ணி ஆவியாகாம அப்படியே தொங்கும், புழுக்கம் இன்னும் ஏறும், தோல் வரைக்கும் நனையவும் நனையாது. விருத்தாசலம் பக்கம் மேல்காத்து காய்ஞ்சு அடிக்கிற எடத்துல இருக்கறவங்களுக்கு வேணா உதவும். நம்ம பக்கம் பெரிய சொட்டா நனைச்சு ஃபேன் போடுறது தான் வேலை செய்யுது.

கீத்துக் கொட்டாயோட ஒப்பிட்டு கேப்பீங்க. குளிர்ச்சியில கீத்துக்கு வலை ஈடாகாது, கரும்பு சோகை வேய்ஞ்சாலும் அப்படித்தான், அதுக்கு மேல போனா மரத்து நிழல், அதை எதுவும் ஜெயிக்காது. ஆனா கீத்து வேய ஆள் கிடைக்கிறதில்ல, மாத்தி மாத்தி வேயணும், தீ பயம் வேற. மரம்னா, 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க பக்கம் பலாவும் முந்திரியும் வேப்பமரமும் எவ்ளோ சாய்ஞ்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும், அன்னிக்கு மாடு கட்டின நிழலெல்லாம் அப்பவே போச்சு, அதுக்கப்புறம் வெச்ச புங்கன் கன்னும் பூவரசும் இப்பத்தான் ஆளாகுது. வலை கட்டுறவங்க பந்தலுக்கு மேக்கால ரெண்டு பூவரசம் போத்து, அதாவது கிளைக் கம்பு, நட்டு வைங்க, அது வளர்ற வரைக்கும் வலை தாங்கும். அஸ்பெஸ்டாஸ், தகர சீட் கொட்டாய் வெச்சிருக்கறவங்க, வத்தின மாட்டை பகல்ல அதுக்குள்ள அடைக்கறதை விட வெளிய இந்த வலைக்கு கீழ கட்டுறது எவ்வளவோ மேல், மதியம் அந்த சீட்டுக்கு கீழ நின்னு பாத்தாலே தெரியும். ராத்திரி மாட்டை வலைக்கு கீழ கூட வேணாம், திறந்த வெளியில கட்டுங்க, பகல்ல ஏறின சூடு வானத்தைப் பாத்து இறங்கட்டும்.

மழைக்கு வலை உதவாது, கோடை மழை ஒண்ணு பெஞ்சா கீழ சேறு, அன்னிக்கு மாட்டை எடம் மாத்தணும். புரட்டாசி முடியறப்ப வலையை கழட்டி சுருட்டி வெயில் படாத எடத்துல வெச்சிடுங்க, ஐப்பசி கார்த்திகையில நம்ம கரைக்கு எத்தனை புயல் வந்திருக்கு, விட்டா வலையும் இருக்காது காலும் இருக்காது.

புதுச்சேரி பக்கம் மதகடிப்பட்டு செவ்வாய்க்கிழமை சந்தையில கோடையில சினை மாடு வாங்குறவங்க ஜாஸ்தி, வாங்கறதுக்கு முன்னாடி வலை கட்டி வெச்சிட்டு போங்க, வண்டியில இறங்கின மாடு அன்னிக்கே நிழல்ல நிக்கட்டும். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன் இந்த வலைக்கு, அந்த ஒண்ணு தையலுக்காக குறைச்சேன். மாசி மாசத்துலயே வாங்கிடுங்க, பங்குனி பொறந்துட்டா கடையில 75 பர்சன்ட் சீக்கிரம் தீந்துடுது, கால் நடுற ஆளும் முந்திரி வேலைக்குப் போயிடறாங்க.